'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற ஸ்கேனரை நம்பிப் பின்சக்கர பிரேக்கைக் கழற்றிவிடாதீர்கள்

எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பிரேக் பேட் (சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றுகிற வேலையை நானே பார்த்துக்கொள்வேன் என்பவர்கள், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) காசும், இரண்டு காலிப்பர் (பேட்டைச் சக்கரத் தட்டோடு அழுத்தும் கவ்வி) காசும் போன கதை இது. என் அவசரத்துக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைக்கவில்லை.

பழைய காரில் பேட் மாற்றுவது எனக்குப் பழகிய வேலை. காலிப்பரைக் கழற்றி, அதில் பேட்டை அழுத்தும் பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ளி, புதுப் பேட்டை வைத்து மூடினால் முடிந்தது. இப்போதைய காரில் இழுக்கிற ஹேண்ட் பிரேக் இல்லை, ஒரு சுவிட்ச்தான். பின் காலிப்பர் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. அது பல் சக்கரங்கள் வழியாக ஒரு திருகைச் சுழற்ற, திருகின் மேலிருக்கும் நட்டு நகர்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிரேக்கை விடுவித்தாலும் நட்டு கொஞ்சம்தான் பின்வாங்கும். தடிமனான புதுப் பேட் நுழைய வேண்டுமானால் அது கடைசி வரை போக வேண்டும், அதற்கு வண்டியை 'சர்வீஸ் மோடு'க்குக் கொண்டுபோக வேண்டும். சில மாடல்களில் பெடலையும் சுவிட்சையும் ஒரு வரிசையில் அழுத்தினாலே போதும். என் மாடலுக்கு ஸ்கேனர் கட்டாயம்.

ஆன்லைனில் ஒன்றைப் பார்த்தேன். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, மாடலையும் வருடத்தையும் குறிப்பிட்டு, பார்க்கிங் பிரேக் சர்வீஸ் மோடு வருமா என்று விற்பவரிடமே எழுதிக் கேட்டேன். "வரும் சார், எல்லாமே சப்போர்ட் ஆகும்" என்று பதில் வந்தது. வாங்கிவிட்டேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினேன். பொருந்தியது! எஞ்சின் கோளாறுக் குறியீடுகளைப் படித்தது, கூலன்ட் வெப்பம் காட்டியது. பிரேக் பக்கத்துக்குப் போனால், காசு கட்டினால்தான் திறக்கும் என்றது ஆப். அதையும் கட்டினேன். திறந்த பட்டியலில் என் கார் கம்பெனி இருந்தது, என் மாடல் இருந்தது, என் வருடம் மட்டும் இல்லை. பக்கத்து வருடத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். 'மாட்யூலுடன் தொடர்பு இல்லை' என்று வந்தது, அதாவது பிரேக்கைக் கவனிக்கும் கம்ப்யூட்டரோடு அதனால் பேச முடியவில்லை.

இங்கேதான் சூட்சுமம். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி2 என்ற ஏற்பாடுதான் இந்தச் சாக்கெட், இது புகை சம்பந்தப்பட்ட கோளாறுகளை எந்தக் கருவியும் படிக்க வழி செய்வதற்காக வந்தது. பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்தப் பாஷை. ஆக, 'பொருந்தும்' என்பது பொய்யில்லை. சாக்கெட்டில் பொருந்தும், அவ்வளவுதான்.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தாகிவிட்டது, கையெல்லாம் கறுப்பு. ஒரு வீடியோவில், மோட்டாரின் இரண்டு பின்னிலும் நேராக 12 வோல்ட் கொடுத்தால் நட்டு பின்வாங்கும் என்றார்கள். இடது பக்கம் கொடுத்தேன். 'ர்ர்ர்' என்று சுற்றியது, எடுத்துவிட்டேன், பிஸ்டன் உள்ளே போனது. அந்தத் தைரியத்தில் வலது பக்கம் கூடுதலாக ஒரு நொடி, இல்லை இரண்டு நொடி, பிடித்துவிட்டேன். நட்டு கடைசியில் போய் முட்டிய பிறகும் மோட்டார் விடவில்லை. 'டக், டக், டக்' என்று மூன்று தடவை கேட்டது. அப்புறம் எதிலும் பிடிக்காமல் வெறுமனே சுற்றுகிற சத்தம். வண்டியின் கம்ப்யூட்டராக இருந்தால், மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறுவதைப் பார்த்தே நிறுத்தியிருக்கும்.

ஸ்கேனரைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு, பெட்டி திறக்கப்பட்டுவிட்டது, பொருளில் குறை இல்லை என்றார்கள். அவர்கள் எழுத்தில் தந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. ஆப்புக்குக் கட்டியது வேறு கம்பெனியாம், அது தனிக் கதை.

சரி, கால் பிரேக் நன்றாகப் பிடித்தது, மீட்டரில் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அதுவே தப்போ என்னவோ. "நீங்களே நோண்டிட்டீங்க சார், ரெண்டு பக்கமும் முழுக் காலிப்பர் மாத்தணும்" என்றார் அங்கிருந்தவர். இடது பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். ஜோடியாக மாற்றாவிட்டால் வாரண்டி கிடையாது என்றார். குற்ற உணர்ச்சியில் தலையாட்டிவிட்டேன்.

பழைய இரண்டையும் கேட்டு வாங்கி வந்தது மட்டும்தான் நான் செய்த ஒரே நல்ல காரியம். வீட்டில் மேஜையில் பேப்பர் விரித்து வைத்துப் பார்த்தேன். மோட்டார் காலிப்பரோடு ஒட்டி வரவில்லை, இரண்டே ஸ்க்ரூவில் நிற்கிறது. வலது பக்கத்து மோட்டாரைப் பிரித்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல் சக்கரம், நாலைந்து பல் மழித்ததுபோல வழவழவென்று இருந்தது. பிஸ்டன், திருகு, நட்டு எதற்கும் ஒரு கீறல் இல்லை. பாகம் விற்கும் தளங்களில் தேடினால், என் மாடலுக்கு அந்த மோட்டார் தனியாகவே கிடைக்கிறது. ஒரு பக்கக் காலிப்பர் விலையில் பாதிகூட இல்லை.

உங்களிடமும் முழுக் காலிப்பர் என்று சொன்னால், "மோட்டார் தனியாக வராதா?" என்று கேளுங்கள். பாக எண்ணை எழுதித் தரச் சொல்லி, நீங்களே ஒரு தடவை தேடிவிட்டு அப்புறம் சம்மதியுங்கள். ஸ்கேனர் வாங்குவதாக இருந்தால், பணம் கட்டும் முன்னால் உங்கள் மாடல், வருடம், 'பார்க்கிங் பிரேக் சர்வீஸ் மோடு' மூன்றும் ஒரே வரியில் இருக்கிற பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். இடது பக்கத்து மோட்டாரை நேற்றும் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். 'ர்ர்ர்' என்று அருமையாகச் சுற்றுகிறது.