மாங்காய் சீசனில் படிக்க ஒரு துப்பறியும் நாவல்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். சீசன் வந்துவிட்டால் கேட்டுக்கு வெளியே பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்கும். எடை, கழிவு, விலை என்று காலையில் ஆரம்பிக்கிற சண்டை ராத்திரி கடைசி வண்டி இறங்கும்வரை ஓயாது. அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து ரத்தம் தெறிக்கிற கதையைப் படிக்கத் தெம்பு இருக்காது. துப்பறியும் கதை இல்லாமலும் தூக்கம் வராது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவள், பழக்கம் விடுமா?

எனக்கென்றே எழுதினமாதிரி கிடைத்தது ‘தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி’. எழுதியவர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித், 1998இல் வந்தது. பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகமாக வாங்கினேன். எளிமையான ஆங்கிலம், பிளஸ் டூ பிள்ளைகள்கூட அகராதி இல்லாமல் படித்துவிடலாம்.

கதை நடப்பது ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானா நாட்டில். தலைநகரை ஒட்டிய ஒரு குன்றின் அடிவாரத்தில் பிரெஷஸ் ரமோட்ஸ்வே என்ற பெண் துப்பறியும் ஆபீஸ் திறக்கிறார். (எங்கள் ஊர் சையத் பாஷா மலையடியில் கடை போட்டமாதிரி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.) சொத்து என்றால் ஒரு குட்டி வெள்ளை வேன், இரண்டு மேசை, ஒரு டெலிபோன், ஒரு பழைய டைப்ரைட்டர், அப்புறம் டீ போட ஒரு டீபாட். அந்த டீயும் தேயிலை இல்லை, ரெட்புஷ் என்ற தென்னாப்பிரிக்கச் செடி. ஒவ்வொரு கேஸுக்கும் நடுவில் அதைக் குடிக்கிறார்கள். எனக்கே கொஞ்சம் அலுத்துப்போனது.

இதற்கெல்லாம் பணம் வந்த விதம்தான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. அப்பா தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, சம்பளத்தை எல்லாம் ஊரில் மாடாக வாங்கிச் சேர்த்தவர். நுரையீரல் கெட்டுச் சாகக் கிடக்கும்போது, மாட்டை விற்று ஏதாவது கடை வைத்துக்கொள் என்கிறார். மகளோ துப்பறியும் ஏஜென்சி வைக்கப்போகிறேன் என்கிறாள்! பென்னாகரம் பக்கமும் ஊத்தங்கரைப் பக்கமும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், வந்த காசில் கறவை மாடு வாங்கிக் கட்டுகிற அப்பாக்கள் எத்தனை பேர். அந்த மாட்டை விற்று இப்படி ஒரு தொழில் தொடங்குகிறேன் என்று எந்த மகளாவது சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துச் சிரித்தேன்.

கேஸ்கள் எல்லாம் சின்னச் சின்னவை. பல வருஷம் கழித்து ‘நான்தான் உன் அப்பா’ என்று ஒருவன் வந்து ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து தின்கிறான். நிஜ அப்பாதானா என்று கண்டுபிடிக்க வேண்டும். ரமோட்ஸ்வே அதற்குச் செய்கிற தந்திரம் அப்படியே மரியாதை ராமன் தீர்ப்பு. என்ன என்று சொல்லமாட்டேன். யாரும் யாரையும் சுடுவதில்லை, ஒரு முதலையைத் தவிர. போலீஸ், கோர்ட் என்று இழுக்காமல் சில பக்கங்களில் வழக்கு தீர்ந்து, சம்பந்தப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். நாள் முழுக்கத் தீராத தகராறைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ பிடித்தவர்களுக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் சாம்புவுக்கு அதிர்ஷ்டம்தான் துணை. இந்த அம்மாவுக்கு ஆள் பார்த்து எடைபோடுகிற புத்தி இருக்கிறது.

முழுக்க லேசான புத்தகம் என்று நம்பி ஏமாறவும் வேண்டாம். அடிக்கிற முதல் கணவன் வருகிறான், பிறந்த குழந்தை இறந்துபோகிறது. காணாமல்போன ஒரு பையனின் கதையில் மாந்திரீகம் நுழைகிறது. அந்தப் பகுதி மற்றதோடு சேராமல் தனியாக நிற்கிறது, அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. இன்னொன்று, முடிச்சு அவிழ்க்கிற விளையாட்டுக்காகவே படிப்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். ‘கொலையே இல்லையேக்கா’ என்றான்.

அடுத்த பாகம் ‘டியர்ஸ் ஆஃப் தி ஜிராஃப்’ வாங்கியாகிவிட்டது. இப்போது படிக்கப்போவதில்லை. அடுத்த சீசனுக்கு லாரி வந்து நிற்கட்டும், எடுக்கலாம்.