தீவை உயர்த்துவதா, வேறு நாட்டில் நிலம் வாங்குவதா?

கடல் ஏறினால் பெரிய நாடுகள் கரையை விட்டு உள்ளே தள்ளிப் போகலாம். இந்தியப் பெருங்கடலில் மாலத்தீவு, பசிபிக்கில் கிரிபாட்டி, துவாலு, இந்த மூன்று தீவு நாடுகளுக்கும் தள்ளிப் போக மேட்டு நிலம் அநேகமாகக் கிடையாது. மூன்று அரசுகளும் போட்ட கணக்கு வேறு வேறு.

மாலத்தீவு மண்ணைக் கொட்டுகிறது. 1987இல் அலை புகுந்தபின், ஜப்பான் உதவியுடன் தலைநகர் மாலேயைச் சுற்றி நாலு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கினார்கள். 1997இல் கடல் மணலை உறிஞ்சிக் கொட்டி ஹுல்ஹுமாலே தீவை எழுப்பத் தொடங்கினார்கள். உயரம் சுமார் 2 மீட்டர். இந்தியாவிலோ இலங்கையிலோ நிலம் வாங்கலாம் என்று 2008இல் அதிபராகத் தேர்வான நஷீத் சொன்னது பேச்சோடு நின்றது. சுற்றுலா வருமானம் இருப்பதால் இந்தச் செலவு அவர்களுக்குக் கட்டுபடியாகிறது. ஆனால் மணல் அள்ளும்போது கலங்கும் சேறு பவளப்பாறையில் படிகிறது. அலையை முதலில் உடைப்பதே அந்தப் பாறைதான்.

கிரிபாட்டிக்கு அவ்வளவு வசதி இல்லை. அதிபர் அனோடே டோங் 2014இல் ஃபிஜியின் வனுவா லெவு தீவில் 5,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார். விலை 80 லட்சம் டாலரைத் தாண்டியது. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. கிரிபாட்டியில் பபாய் என்ற பெரிய சேம்பை, நல்ல தண்ணீர் ஊறும் ஆழம்வரை குழி தோண்டி நடுவார்கள். பவளத்தரை முழுக்கப் பொத்தல். அடியில் உப்புநீர்மேல் நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்காக நிற்கிறது. மேலே சுவர் கட்டினாலும் உப்பு கீழ்வழியே ஏறும். சுவரை மட்டும் நம்பும் திட்டங்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

இருந்தும் ஃபிஜியில் வாங்கிய அந்த நிலம் பெரும்பாலும் காடும் மேடும். சாலமன் தீவு வம்சாவளியினர் ஏற்கெனவே அதில் குடியிருக்கிறார்கள். பத்திரம் கிரிபாட்டியிடம், குடியுரிமையோ ஃபிஜி கையில். 2016இல் அடுத்த அதிபராக வந்த மாமாவ், இடம்பெயரும் பேச்சையே ஓரங்கட்டினார். ஆட்சி மாறினால் கைவிடப்படும் ஏற்பாட்டை நூறாண்டுத் திட்டம் என்று எப்படிச் சொல்வது?

என் ஓட்டு துவாலுவுக்கு. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்குப் புது நிலம் எழுப்பினார்கள். கூடவே 2023இல் ஆஸ்திரேலியாவுடன் ஓர் ஒப்பந்தம்: ஆண்டுக்கு 280 பேர் அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம், விரும்பினால் ஊருக்கு வந்து போகலாம். நிலமே மூழ்கினாலும் துவாலுவை நாடாகவே ஏற்போம் என்று ஆஸ்திரேலியா எழுதிக் கொடுத்தது. அந்தப் பத்திரத்தில் பிடித்த வரி எனக்கு அதுதான். இருக்கவும் வழி, போகவும் வழி.

இதற்கும் விலை உண்டு. இனி வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு செய்வதானால் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். சுமார் 11,000 பேர் உள்ள நாட்டில், அந்த 280 இடங்களுக்கு 2025இல் நடந்த முதல் குலுக்கலில், குடும்பத்தினரையும் சேர்த்து சுமார் ஐந்தில் நாலு பங்கினர் பெயர் கொடுத்தார்கள்.