ஆறு ஆண்டுகளாக ஒரே மணி: ஒரு காத்திருப்புச் செயலியுடன் என் அனுபவம்

நள்ளிரவு தாண்டி ஒன்றே காலுக்கு மணி அடித்தது. வரப்போகிற படங்கள், கேம்களின் செய்தியைச் சொல்லும் அந்தச் செயலியின் மணிதான்: இரண்டு சின்னத் தட்டு, பிறகு ஒரு நீண்ட இழுப்பு. பாதித் தூக்கத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. ஜிடிஏ 6 கேம் மறுபடியும் தள்ளிப்போய்விட்டது! நெஞ்சு படபடக்க மொபைலை எடுத்துப் பார்த்தால், 'ஆண்டுச் சந்தா இன்று முதல் பாதி விலை' என்று இருந்தது.

விடிந்ததும் நண்பன் கேட்டான். "நீ வருஷக்கணக்கா வெச்சிருக்கியே, இப்போ பாதி விலைக்குத் தர்றாங்களாம், சேரட்டுமா?" சேர் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. ஆறு ஆண்டுக்கு மேல் தினமும் திறந்து பார்த்த ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செயலி என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரியும். வரப்போகிற சூப்பர்ஹீரோ படம், அறிவியல் புனைவுத் தொடர், கேம் என்று நமக்கு வேண்டியதைப் பட்டியலில் சேர்த்துவைத்தால், செய்தி வரும்போது சொல்லும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அரட்டை அறை உண்டு. நான் இதை நிறுவியது 2019 ஜூலையில். அமெரிக்காவின் சான் டியேகோ காமிக்-கான் விழாவில் மார்வெல் தன் அடுத்த கட்டப் படங்களை வரிசையாக அறிவித்த வாரம் அது. நடிகர் மஹெர்ஷலா அலி தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்ள, 'பிளேடு' வருகிறது என்றார்கள். அன்றே பட்டியலில் போட்டேன். அதற்கு முந்தைய பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டிருந்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்' கேமையும் போட்டேன். இந்த இரண்டு வரிகளும் சொல்லித்தரப் போகிற பாடம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. இந்தச் செயலி பழைய தேதிகளை அழிப்பதில்லை. ரிலீஸ் தேதி மாறினால், பழைய தேதியின் குறுக்கே ஒரு கோடு போட்டு மேலேயே விட்டுவைக்கும். புதிய தேதி அதன் கீழே வரும். பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணம். இவ்வளவு சாதாரணமான விஷயம் இத்தனை பிடித்துப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

'சைபர்பங்க் 2077' கேமின் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 16, கோடு. செப்டம்பர் 17, கோடு. நவம்பர் 19, கோடு. டிசம்பர் 10, வந்தது. மூன்று முறை தள்ளிவைத்தும் பழைய கன்சோல்களில் அது ஓடிய லட்சணத்தால் பிளேஸ்டேஷன் ஸ்டோர் அதைக் கடையிலிருந்தே எடுத்தது; 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. நவம்பர் தேதி மாறிய அன்று அரட்டை அறையில் நான் எவ்வளவு கோபமாகக் கத்தினேன் என்பது இன்னும் அங்கே இருக்கிறது. இப்போது அந்த மூன்று கோடுகளையும் பார்க்கும்போது, நான்காவதாக ஒன்று விழுந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

'பிளேடு' வரி இன்னும் கனமானது. 2023 நவம்பர் 3. 2024 செப்டம்பர் 6. 2025 பிப்ரவரி 14. 2025 நவம்பர் 7. நான்கின் குறுக்கேயும் கோடு. 2024 அக்டோபரில் கடைசித் தேதியையும் எடுத்துவிட்டார்கள்; அதன் கீழே வெறுமை. பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தால் கதை விளங்கும். 2022 செப்டம்பரில் முதல் இயக்குநர் பஸ்ஸாம் தாரிக் விலகினார். 2023 மே 2 முதல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம், ஜூலை 14 முதல் நடிகர்கள் வேலைநிறுத்தம். 2024 ஜூனில் அடுத்த இயக்குநர் யான் டெமாஞ்சும் போனார். ஒவ்வொன்றையும் தனித்தனிச் செய்தியாக அன்றன்று படித்தபோது 'சரி, கொஞ்சம் தாமதம்' என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரே வரியில் மேலிருந்து கீழாகப் பார்த்தபோதுதான் அந்தப் படம் கண்ணெதிரே கரைந்துபோயிருப்பது புரிந்தது.

2023-இன் பின்பாதியில் பட்டியல் முழுக்கக் கோடுகள். எழுத்தாளர்கள் செப்டம்பர் 27-இலும் நடிகர்கள் நவம்பர் 9-இலும் வேலைக்குத் திரும்பும்வரை ஒரு வாரம் தவறாமல் ஏதாவது ஒரு தேதி விழுந்தது. முடிந்து கைவசம் தயாராக இருந்த 'டியூன்' இரண்டாம் பாகத்தைக்கூட 2023 நவம்பரிலிருந்து 2024 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். படம் தயார், ஆனால் அதைப் பற்றிப் பேச நடிகர்கள் வர முடியாது. ஒரு படம் திரைக்கு வர என்னென்ன சேர வேண்டும் என்பதை எனக்கு இந்தக் கோடுகள்தான் கற்றுத்தந்தன.

கைவிடப்பட்டவற்றையும் செயலி நீக்குவதில்லை. 2022 ஆகஸ்டில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி 'பேட்கேர்ள்' படத்தைப் படப்பிடிப்பு முடிந்த பிறகு வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தது. அந்த வரி சாம்பல் நிறத்தில் இன்னும் என் பட்டியலில் இருக்கிறது. அதன் அரட்டை அறையும் திறந்தே இருக்கிறது. எப்போதாவது யாராவது வந்து, 'இன்றும் பார்க்க ஆசைதான்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

அரட்டை அறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய படங்களின் அறைகளில் சண்டைதான். யார் நடிக்கப்போகிறார், எந்தப் பிரபஞ்சம் பெரியது, இதே பேச்சு. சில்க்சாங் அறை மட்டும் வேறு. அங்கே தேதியே கிடையாது, சண்டை போட எதுவும் இல்லை. அடிலெய்டில் ஒரு சிறு குழு உருவாக்குகிறது என்பதைத் தவிர வருடக்கணக்கில் செய்தியும் இல்லை. 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் காட்டிய கேம்கள் எல்லாம் 12 மாதத்துக்குள் வரும் என்றார்கள். அறையில் தீபாவளிபோல் இருந்தது. அடுத்த மே மாதம் அதுவும் இல்லை என்று ஆனது. யாரும் வெளியேறவில்லை. முதல் பாகத்தைத் திரும்ப ஆடினார்கள், வரைபடம் வரைந்தார்கள், புதிதாக வந்தவர்களுக்குக் கடினமான சண்டைகளைக் கடக்க வழி சொன்னார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று, 'செப்டம்பர் 4' என்று தேதி விழுந்தது. ஆறரை ஆண்டு காத்திருப்புக்குப் பதினான்கே நாள் அவகாசம்! வெளியான நேரத்தில் கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உட்பட ஆன்லைன் கடைகளே தடுமாறின. வாங்க முடியாமல் அறையில் நாங்கள் எல்லோரும் அந்த ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோமே, அதை நான் மறக்க மாட்டேன்.

இத்தனையும் சொன்ன பிறகு மணிக்கு வருகிறேன்.

இந்தச் செயலிக்கு ஒரே ஒரு மணிதான். உறுதியான அறிவிப்புக்கும் அதே ஒலி. யாரோ எங்கோ கிளப்பிவிட்ட வதந்திக்கும் அதே ஒலி. லீக்குக்கும் அதே ஒலி. சந்தா விளம்பரத்துக்கும் அதேதான். கதையின் ரகசியத்தை முன்கூட்டியே போட்டுடைக்கும் ஸ்பாய்லருக்கும் அதே ஒலி என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அமைப்புகளில் 'ஸ்பாய்லர் மறை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது செயலிக்குள் இருக்கும் செய்தியை மட்டுமே மங்கலாக்கும். பூட்டுத்திரையில் வரும் தலைப்பையும் படத்தையும் அது தொடுவதே இல்லை. கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்த கதை. 2021 டிசம்பரில் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' வந்தபோது எனக்கு மூன்றாம் நாளுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. முன்பு ஸ்பைடர்மேனாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் மாதக்கணக்கில் ஒவ்வொரு பேட்டியிலும் 'நான் அதில் இல்லை' என்று சொல்லிக்கொண்டே வந்தார். உண்மையைக் காப்பாற்ற ஒரு நடிகர் அவ்வளவு பாடுபட்டார். முதல் நாள் காலை மணி அடித்தது. மொபைலைத் தொடக்கூட இல்லை. மேசைமேல் இருந்த திரை தானாக ஒளிர்ந்தது. தலைப்பு, பக்கத்திலேயே அவர் படம். முடிந்தது. மூன்றாம் நாள் அரங்கமே அதிர்ந்து கத்தியபோது நான் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் கத்தலில் என் குரலும் இருந்திருக்க வேண்டும். அது திரும்ப வராது.

இரண்டாவது முறை 2023 டிசம்பர் 4. ஜிடிஏ 6 டிரெய்லர் மறுநாள் வருவதாக அறிவித்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், உருவாக்கத்தில் இருந்த கேமின் 90 வீடியோக்கள் கசிந்தபோது நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. முதல் டிரெய்லரைப் பெரிய திரையில், முழுத் தரத்தில், நல்ல ஒலியோடு பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். மணி அடித்தது. 'டிரெய்லர் வந்துவிட்டது' என்றது. தட்டினேன். ஓடியது கசிந்த பிரதி. மங்கலாக, குறுக்கே யாரோ ஒட்டிய விளம்பர எழுத்தோடு. கேமை உருவாக்கும் ராக்ஸ்டார் வேறு வழியில்லாமல் அன்றே அசலை வெளியிட்டது. மணி கொஞ்சம் பொறுத்து அடித்திருந்தால், அல்லது லீக்குக்கு வேறு ஒலி இருந்திருந்தால், என் முதல் பார்வை அசலாக இருந்திருக்கும்.

இது செய்ய முடியாத காரியம் என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒரு செயலி தன் நோட்டிஃபிகேஷன்களைத் தனித்தனிச் சேனல்களாகப் பிரித்துவைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு ஒலி வைக்கலாம், பயனர் வேண்டாததை மட்டும் அணைக்கலாம். பூட்டுத்திரையில் மட்டும் விவரத்தை மறைத்து, 'புதிய செய்தி' என்று காட்டவும் வழி இருக்கிறது. இந்தச் செயலியின் சேனல் பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'பொது'. அதை அணைத்தால் தேதி மாற்றமும் வராது. விட்டுவைத்தால் எல்லாம் வரும். பயனர் உதவிப் பிரிவுக்கு நான்கு முறை எழுதினேன், படம் பிடித்து அனுப்பினேன். 'உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்' என்று நான்கு பதில்கள் வந்தன. இதற்கிடையே செயலியின் நிறத்தை மூன்று முறை மாற்றிவிட்டார்கள்.

இப்போது நான் செய்வது, மொபைலின் பொது அமைப்பில் போய் இந்தச் செயலிக்குப் பூட்டுத்திரை முன்னோட்டத்தையே மூடிவைத்திருப்பது. ஸ்பாய்லர் தெரியாது. ஆனால் ஒலி வரும். என்ன என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்க வேண்டும், திறக்கும்போது எது கண்ணில் படுமோ என்ற பயம் வேறு.

அதே மணி எனக்கு நல்ல நாளும் தந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2025 மார்ச் 26. 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தின் நடிகர்கள் பெயரை நாற்காலிகளின் முதுகில் எழுதி, மார்வெல் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நேரலையில் ஒவ்வொன்றாகக் காட்டியது. மொத்தம் 27 நாற்காலிகள். சராசரியாக 12 நிமிடத்துக்கு ஒரு மணி. கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தில் தொடங்கியது. பாட்ரிக் ஸ்டூவர்ட், இயன் மெக்கெல்லன் பெயர்கள் வந்தபோது பழைய எக்ஸ்மென் ரசிகன் எனக்குக் கண் கலங்கியது. கடைசி நாற்காலி ராபர்ட் டவுனி ஜூனியர். அன்று அந்த ஒலி 27 முறை அடித்தும் எனக்கு அலுக்கவில்லை. செய்தியெல்லாம் உறுதியானது, கெடுப்பதற்கு எதுவும் இல்லை. அந்த மணியை அப்படிப்பட்ட செய்திகளுக்காக மட்டும் வைத்திருந்தால் நான் பாதி விலை கேட்கவே மாட்டேன், முழு விலைக்குமேல் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

நண்பனுக்கு என் பதில்: சேராதே. நீ எந்தப் படத்தையும் முதல் நாள் பார்க்கிறவன் இல்லை, ஒரு வாரம் கழித்துத்தான் போவாய். அந்த ஒரு வாரமும் இந்த மணி உன்னை விடாது. இலவசமாக வைத்துக்கொள்வதற்கும் அதே 'பொது' சேனல்தான், அதனால் அதுவும் வேண்டாம். நான் விடப்போவதில்லை. அந்தக் கோடுகளை வேறு யாரும் சேர்த்துவைப்பதில்லை. 2026 மே 1 என்பதன் குறுக்கே கோடும், அதன் கீழே டிசம்பர் 18 என்றும் 'டூம்ஸ்டே' வரி நிற்கிறது. ஜிடிஏ 6 வரியில் 2025-க்கும் கோடு, 2026 மே 26-க்கும் கோடு, கீழே நவம்பர் 19. மாதம் பிறந்ததும் பட்டியலைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுகிறேன். தேதிகள் மட்டும், செய்தி எதுவும் இருக்காது.