நற்செய்தியிலிருந்து வழிபாட்டுக்கு எழுதுவது: மன்றாட்டா, கவிதையா, பாட்டா?

ஞாயிறு நற்செய்தி கையில் இருக்கிறது. அதை ஒட்டி வழிபாட்டுக்கு ஏதாவது எழுத வேண்டும். நம்பிக்கையாளர் மன்றாட்டா (ஒருவர் தேவைகளை ஒவ்வொன்றாக வாசிக்க, மக்கள் பதில் சொல்லும் மன்றாட்டு), நற்கருணைக்குப் பின் வாசிக்கும் தியானக் கவிதையா, பாடகர் குழுவுக்கு ஒரு புதுப் பாட்டா? பங்குகளில், அதாவது ஊர்க் கோயில் சமூகங்களில், வழிபாட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே பழக்கம். பெரும்பாலும் யாருக்கு எது எழுத வருமோ அதுவே எழுதப்படுகிறது. கவிதை எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருந்தால் எல்லா ஞாயிறும் கவிதைதான். எந்த வடிவம் என்பதை அந்த நற்செய்திப் பகுதிதான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அப்புறம் இன்னொன்று: மக்கள் நற்செய்தியைச் சற்று முன்புதான் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்கள். அதையே திரும்பச் சொல்ல நாம் எழுத வேண்டியதில்லை. கேட்டதை அவர்கள் தங்கள் வாயால் கடவுளிடம் சொல்ல ஒரு வரி கிடைக்கிறதா என்பதே என் அளவுகோல்.

ஒரே பகுதியை எடுத்து வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். மாற்கு 10:46-52-ஐ எடுத்துக்கொள்கிறேன். எரிகோ சாலையோரத்தில் பிச்சையெடுத்த பார்வையற்ற பார்த்திமேயு, "தாவீதின் மகனே, எனக்கு இரங்கும்" என்று இயேசுவைக் கூப்பிடுகிறார். கூட்டம் அதட்டுகிறது, அவர் இன்னும் கத்துகிறார். இயேசு நின்று அவரைக் கூப்பிடச் சொல்கிறார், அவர் மேலாடையை எறிந்துவிட்டு வருகிறார். என்ன வேண்டும் என்று இயேசு கேட்கிறார். பார்வை பெற்றவர் கடைசி வரியில் இயேசுவின் வழியில் பின்தொடர்கிறார். இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறுக்குரிய நற்செய்தி இது.

முதலில் இடம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 1969 திருவருகைக்காலத்திலிருந்து (கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரங்கள்) கத்தோலிக்கத் திருப்பலியில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டு சுற்றில் வருகின்றன: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான், உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்திலும் அதற்குப் பிந்தைய பாஸ்கா காலத்திலும் இடையிடையே வருவார். வாசகங்கள் மாறினாலும், தொடக்கத்தில் குரு சொல்லும் சுருக்க மன்றாட்டு மூன்று ஆண்டுகளுக்கும் ஒன்றேதான். 30-ஆம் ஞாயிறில் அது நம்பிக்கையும் எதிர்நோக்கும் அன்பும் வளர வேண்டுமென்று கேட்கிறது. அழகான மன்றாட்டு, ஆனால் பார்த்திமேயு அதில் இல்லை. இத்தாலியத் திருப்பலி நூல் 1983-இல் மூன்று ஆண்டு வாசகங்களுக்கும் தனித்தனி மாற்று மன்றாட்டுகளைச் சேர்த்தது. நமக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், நற்செய்தியை ஒட்டி எழுதும் ஆசை முழுவதும் நம்பிக்கையாளர் மன்றாட்டிலும் நற்கருணைக்குப் பின் வரும் தியானத்திலும் வந்து சேருகிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் ஆகிய சீர்திருத்த சபைகளில் நடத்துபவர் சொந்தமாக ஜெபிக்க இடம் அதிகம். அங்கே தொடக்க ஜெபத்தையே நற்செய்தியிலிருந்து எழுதலாம்.

சுருக்க மன்றாட்டு

இந்த வடிவத்தின் எலும்பு மிகப் பழையது. கடவுளை அழைப்பது, அவர் செய்த ஒன்றைச் சொல்வது, ஒன்றே ஒன்றைக் கேட்பது, எதற்காகக் கேட்கிறோம் என்பது, கிறிஸ்து வழியாக என்று முடிப்பது. அவ்வளவுதான். 1549-இல் வந்த ஆங்கிலிக்கன் பொதுஜெப நூலில், தவக்காலத்தின் முதல் ஞாயிறுக்கு இப்படி ஒரு ஜெபம் புதிதாக எழுதப்பட்டது. பாலைவனச் சோதனை அன்றைய நற்செய்தி. எங்களுக்காக நாற்பது பகலும் நாற்பது இரவும் நோன்பிருந்த ஆண்டவரே என்றே ஜெபம் தொடங்குகிறது. கதை முழுவதும் அந்த அழைப்புக்குள் அடங்கிவிட்டது. விளக்கம் கிடையாது.

பார்த்திமேயுவுக்கு நான் எழுதினால் இப்படி வரும்:

"சாலையோரக் குரல் ஒன்றுக்காகப் பயணத்தை நிறுத்திய உம் மகனை எங்களிடம் அனுப்பிய தந்தையே, என்ன வேண்டும் என்று அவர் கேட்கும்போது தடுமாறாமல் பதில் சொல்லும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும், பார்வை பெற்றபின் எங்கள் பாட்டில் திரும்பிவிடாமல், எருசலேமுக்குப் போகும் அவர் வழியிலேயே நடப்போமாக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம்."

இதன் பலம் ஒரே ஒரு விண்ணப்பம்தான். அந்தப் பகுதியில் எது முக்கியம் என்று எழுதுபவர் தீர்மானித்தே ஆக வேண்டும். நான் குணமானதைவிட்டு, இயேசு கேட்ட கேள்வியையும் கடைசி வரியையும் எடுத்தேன். மாற்குவில் அடுத்த அதிகாரமே எருசலேம் நுழைவு. பார்த்திமேயு பின்தொடர்ந்த வழி எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் அந்த வரியின் கனம் புரியும். பலவீனமும் இதிலேயே இருக்கிறது. மக்களுக்கு "ஆமென்" தவிர வேறு பங்கில்லை. கவனம் சிதறிய ஒருவர் இருபது விநாடிக்குள் முழு ஜெபத்தையும் தவறவிட்டுவிடுவார். அதனால்தான் "மன்றாடுவோமாக" என்றபின் ஒரு சிறு மௌனம் விதிக்கப்பட்டிருக்கிறது. நம் கோயில்களில் பல இடங்களில் அந்த மௌனம் காணாமல் போய்விட்டது வருத்தமான விஷயம்.

நம்பிக்கையாளர் மன்றாட்டு

அதிகம் எழுதப்படுவது இது. அதிகம் வீணடிக்கப்படுவதும் இதுவே. நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்ததை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு 1963-இல் மீட்டுத் தந்தது. திருப்பலி நூலின் பொது வழிகாட்டுதல் வரிசையையும் சொல்கிறது: திருஅவை, ஆட்சியாளரும் உலகமும், துன்பத்தில் இருப்போர், உள்ளூர்ச் சமூகம். சொற்கள் சிலவாகவே இருக்க வேண்டும் என்கிறது. நாம் கேட்பது எப்படி இருக்கிறது? நம் ஊர்க் கோயில் எதிலும் கேட்கக்கூடிய மாதிரி இது:

"எங்களைப் படைத்துப் பராமரித்து வரும் அன்பின் இறைவா, இன்றைய நற்செய்தியில் பார்வையற்ற பார்த்திமேயு நம்பிக்கையோடு உம் மகனைக் கூப்பிட்டு நலம் பெற்றதைப் பார்க்கிறோம். அவரைப் போல நாங்களும் ஆழமான நம்பிக்கையில் வளர்ந்து, எங்கள் அகக்கண் திறக்கப்பெற்று, பிறருக்கு ஒளியாக வாழத் தேவையான வரத்தைத் தரவேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

இதில் தவறான சொல் எதுவும் இல்லை. ஆனால் நற்செய்தியைக் கடவுளுக்கே எடுத்துச் சொல்கிறது, பிறகு மக்களுக்கு அறிவுரை சொல்கிறது, கடைசி நான்கு சொற்களில்தான் மன்றாடுகிறது. திருத்தந்தைக்கான மன்றாட்டிலும் நாட்டுத் தலைவர்களுக்கான மன்றாட்டிலும் இதே அச்சு திரும்ப வரும். ஐந்தாவது மன்றாட்டு வரும்போது மக்கள் கேட்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருக்கும்.

இதே வடிவத்தை நற்செய்தியை ஒட்டி உயிரோடு எழுத முடியும். வழி எளிது. நற்செய்தியை மன்றாட்டின் உடம்பிலிருந்து எடுத்துவிட்டு, மக்கள் சொல்லும் பதிலுரையில் வையுங்கள். வழக்கமான "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" அன்றைக்கு வேண்டாம். பார்த்திமேயு கத்திய அதே கூக்குரலை எல்லோரும் சொல்லட்டும்: "தாவீதின் மகனே, எங்களுக்கு இரங்கும்." இனி மன்றாட்டில் கதை சொல்ல வேண்டிய தேவையே இல்லை. யாருக்காக என்று மட்டும் சொன்னால் போதும்:

"எத்தனை முறை கூப்பிட்டும் யாரும் திரும்பிப் பார்க்காதவர்களுக்காக; பட்டாவுக்காக அலுவலகப் படி ஏறி இறங்கும் முதியவர்களுக்காக; முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் அகதிகளுக்காக மன்றாடுவோம்."

"பேசாதே என்று நாங்கள் அதட்டியவர்களுக்காக, எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், இந்தக் கோயிலில் குரல் எடுபடாதவர்களுக்காக மன்றாடுவோம்."

இரண்டாவது மன்றாட்டுக்கு மக்கள் பதிலுரை சொல்லும்போது, அதட்டிய கூட்டமும் அதட்டு வாங்கியவரும் ஒரே குரலில் கத்துகிறார்கள். ஒரு பிரசங்கம் செய்யக்கூடியதை அந்த நான்கு சொல் செய்துவிடுகிறது. கேட்போரைப் பார்த்து "மன்றாடுவோம்" என்று அழைப்பு விடுவதும் வேண்டுமென்றே செய்ததுதான். மன்றாட்டு மக்களுடையது, வாசிப்பவர் அழைப்பாளர் மட்டுமே.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. புதுப் பதிலுரை என்றால் முதல் முறை பாதிப் பேர் பழையதைத்தான் சொல்வார்கள். வாசிப்பவர் தொடக்கத்திலேயே அதை ஒருமுறை நிதானமாகச் சொல்லி, எல்லோரையும் திரும்பச் சொல்லவைக்க வேண்டும். நான்கைந்து சொல்லுக்கு மேல் போனால் எடுபடாது.

தியானக் கவிதை

இங்கே என் மனம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. கவிதை செய்யக்கூடியதை மற்ற எந்த வடிவமும் செய்ய முடியாது: நற்செய்தியில் பேசாத ஒருவரைப் பேசவைக்க முடியும். பார்த்திமேயுவின் வாயால் எழுதப்படும் கவிதைகள் அநேகமாக எல்லாம் ஒன்று போலவே இருக்கும். இருள் விலகியது, ஒளி வந்தது, நன்றி. கூட்டத்தில் நின்ற ஒருவரைப் பிடித்தால் வேறு கதவு திறக்கும்.

எரிகோவை விட்டுப் புறப்படும் வழியில்
வாயை மூடு என்றவன் நான்தான்.
போதகர் பேசுவது எனக்குக் கேட்க வேண்டும்,
நடுவில் இவன் கூச்சல்.

அவனைக் கூப்பிடுங்கள் என்றார்.
கூப்பிடப் போனவனும் நான்தான்.
அதே வாயால்
துணிந்து எழுந்து வா என்றேன்.

அவன் வீசிய மேலாடை
என் காலடியில் விழுந்தது.
மடித்து வைத்திருக்கிறேன்.
வாங்கிக்கொள்ள
அவன் திரும்பி வரவேயில்லை.

இது மேடையில் எடுபடும். வழிபாட்டில்? வாசிப்பவர் நன்றாக வாசித்தால் எடுபடும். நாடகக் குரலில் நீட்டி முழக்கினாலோ, பின்னால் கீபோர்டில் சோக இசை ஓடினாலோ கெட்டுவிடும். கவிதை நற்கருணைக்குப் பின் வருவது நம் வழக்கம். விதி அந்த இடத்தில் தனிச் செபத்துக்கான மௌனத்தையும், விரும்பினால் எல்லோரும் சேர்ந்து பாடும் ஒரு புகழ்ப்பாவையும்தான் சொல்கிறது. ஆக, ஒவ்வொரு கவிதையும் மக்களின் மௌனத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த மௌனத்தைவிட நல்லதாக இருந்தால் மட்டும் வாசிக்கலாம். என் அனுபவத்தில் அப்படிப்பட்ட கவிதை ஆண்டுக்குச் சில முறைதான் கிடைக்கும். வாராவாரம் எழுதுபவருக்கு இது கசக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கவிதையைச் சபைக்குள் கொண்டுவர இதைவிட நல்ல வழியைக் கிழக்குத் திருஅவைகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. 4-ஆம் நூற்றாண்டில் நிசிபிஸ், எதேசா நகரங்களில் வாழ்ந்த எப்ரேம் சிரியாக் மொழியில் எழுதிய பாடல்களைப் பெண்கள் குழு பாடியது. கண்ணிக்குக் கண்ணி ஒரு பதில்வரி உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோப்பிளில் ரோமனோஸ் கிரேக்கத்தில் எழுதியவை இன்னும் நீளம். நற்செய்தி மாந்தர்கள் ஒருவரோடொருவர் வாதிடுவார்கள், அழுவார்கள், கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு கண்ணியும் ஒரே வரியில் வந்து முடியும். கதையைப் பாடுபவர் சொல்ல, அந்த வரியை மக்கள் பிடித்துக்கொள்ளலாம். கவிதையின் கற்பனையும் மன்றாட்டின் கூட்டுக்குரலும் அங்கே ஒன்றாகின்றன.

பல்லவியோடு பாட்டு

அந்த ஏற்பாடு நமக்கு அந்நியமே இல்லை. 19-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில்தான் வளர்ந்தன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) பாடல்கள் இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. பல்லவிதான் மக்களின் இடம். சரணம் கதை சொல்லட்டும், பல்லவி ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

கூப்பிடும் குரல்கேட்டு நின்றாரே – இயேசு
கும்பலின் நடுவினில் நின்றாரே

அதட்டிய வாய்களும் அழைத்தனவே – அங்கே
அழுதவன் மேலாடை எறிந்தனனே
எதுவேண்டும் என்றவர் கேட்டனரே – அவன்
ஏங்கிய விழிதிறக்க நின்றாரே

என் கவிதையைவிட இது எளிமையானது, கற்பனையும் குறைவு. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு குழந்தை "நின்றாரே" என்று முணுமுணுக்கும். இயேசு நின்றார் என்பதுதான் அந்தப் பகுதியின் திருப்பம். அது நெஞ்சில் தங்கிவிட்டால் வேறென்ன வேண்டும்? தடை மெட்டுதான். நல்ல மெட்டு இல்லாமல் இந்த வடிவத்தில் கை வைக்கவே கூடாது. தெரிந்த மெட்டில் எழுதலாம், ஆனால் சினிமா மெட்டு வேண்டாம். மக்கள் மனம் அந்தப் படத்துக்குப் போய்விடும்.

எழுதி வைக்காமல் அந்த நேரத்தில் சொல்லும் ஜெபத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதன் வலிமை ஜெபிப்பவரைப் பொறுத்தது, வடிவத்தைப் பொறுத்தது அல்ல.

சரி, எந்தப் பகுதிக்கு எது? கூக்குரலும் குணமாக்குதலும் வரும் பகுதிகளுக்கு, நற்செய்தியிலிருந்து எடுத்த பதிலுரையோடு நம்பிக்கையாளர் மன்றாட்டு. சந்தேகமே வேண்டாம். மலைப்பொழிவு போன்ற போதனைப் பகுதிகளுக்குச் சுருக்க மன்றாட்டு. கத்தோலிக்கத் திருப்பலியில் நம்பிக்கையாளர் மன்றாட்டுகளின் முடிவில் குரு சொல்லும் மன்றாட்டாக அதை எழுதலாம். நீண்ட உரையாடல்களுக்குக் கவிதை: முதலாம் ஆண்டுத் தவக்காலத்தில் அடுத்தடுத்து வரும் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர் ஆகிய மூன்று ஞாயிறுகளும் கவிஞருக்காகவே அமைந்தவை. அந்தப் பெண் கிணற்றடியில் விட்டுப்போன குடத்தைப் பற்றி மட்டுமே ஒரு முழுக் கவிதை எழுதலாம். பிறப்பு, உயிர்ப்பு விழாக்களுக்குப் பாட்டு.

உவமைகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. காணாமல்போன மகன் உவமையைக் கவிதையாக்கிய முயற்சிகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். லூக்கா சொன்னதைவிடக் குறைவாகவே எல்லாம் சொல்லின. உவமை ஏற்கெனவே கவிதை. அதற்கு ஒரு விண்ணப்பம் போதும். திரும்பி வந்த தம்பிக்கான விருந்துக்குள் நுழையாமல் மூத்த மகன் வாசலிலேயே நின்றுவிட்டதை வைத்து ஒரே வாக்கியத்தில் மன்றாடினால், நற்செய்தி முடிக்காமல் விட்ட இடத்தில் நாம் நிற்போம்.

எழுதியதைச் சேர்த்து வைப்பதிலும் நான்கும் வேறுபடும். மூன்று ஆண்டு கழித்து அதே நற்செய்தி திரும்ப வரும். சுருக்க மன்றாட்டை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். பாட்டு அதற்குள் மக்களுடையதாகியிருக்கும். நம்பிக்கையாளர் மன்றாட்டில் பதிலுரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக எழுத வேண்டும். அந்த ஆண்டு ஊரில் யார் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மாறியிருக்கும். கவிதையை அதே சபையில் மறுபடி வாசிக்க வேண்டாம், பக்கத்துப் பங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.