குறுக்கெழுத்துக்கு எந்த அகராதியை நடுவராக வைப்பது?

ஆங்கில ஸ்கிராபிள் ஆடுவோருக்குக் காலின்ஸ் சொற்பட்டியல் போன்ற நடுவர்கள் உண்டு. பட்டியலில் இருக்கும் சொல் செல்லும், இல்லாதது செல்லாது. தமிழில் அப்படி எல்லோரும் ஏற்ற பட்டியல் இல்லாததால், தண்டையார்பேட்டையில் பிள்ளைகளுக்குச் சொல் விளையாட்டு நடத்தும் எங்களைப் போன்றோர், எந்த அகராதியின் தீர்ப்பு செல்லும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டியிருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அதன் இணைப்பும் வெளிவந்து, மொத்தம் 1,17,762 சொற்களைக் கொண்டிருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அதைக் கட்டணமின்றித் தேடலாம். புதிர் அமைப்பவருக்கு இதைவிடப் பெரிய சுரங்கம் கிடையாது: ‘கதவு’ என்பதன் எழுத்துகளைக் கலைத்தால் ‘தகவு’ கிடைக்கும் என்பதை உறுதிசெய்ய இதுவே போதும். ஆனால் ‘கணினி’ போன்ற பிற்காலச் சொற்கள் இதில் இல்லை. வழக்கொழிந்த சொற்களோ ஏராளம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதிராக அவற்றைப் பயன்படுத்துவது நியாயமான ஆட்டமாகாது.

1992இல் முதல் பதிப்பும் 2020இல் மூன்றாம் பதிப்பும் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்று வழங்கும் சொற்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தருவதால், வாதம் எழும்போது புத்தகத்தைத் திறந்து காட்டிச் சமாதானம் செய்ய முடிகிறது. நடுவராக நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தமிழ் விக்சனரி பொருள் தேட உதவுமே தவிர, தீர்ப்புக்கு உதவாது.

எந்த அகராதியும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு. ‘கவிதை’யைக் கலைத்து ஒரு மாணவி ‘விதைக’ என்று எழுதினால், அது பிழையற்ற வியங்கோள் வினைமுற்று. ஆனால் அகராதியில் ‘விதை’ மட்டுமே தலைச்சொல்லாக இருக்கும். இங்கே வாணி போன்ற பிழைதிருத்தி, திரிந்த வடிவங்களைப் பகுத்துப் பார்ப்பதால் கைகொடுக்கக்கூடும். எனினும் திரிந்த வடிவங்கள் செல்லுமா என்பதை விதியாகவே எழுதிவைப்பது மேல்.

எழுத்துகளைக் கலைத்துத் தரும் கணினிக் கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு, அகராதிகளுக்கிடையே உள்ளதைவிடக் கூர்மையானது. ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட கருவி ‘நகரம்’ என்ற சொல்லை நான்கு எழுத்தாகப் பார்ப்பதில்லை; யுனிகோடில் புள்ளி தனிக் குறியீடு என்பதால் ஐந்தாகப் பார்க்கிறது. அதே கருவியிடம் ‘கவிதை’யைக் கொடுத்தால், வகரத்தின் விசிறி (இகரக் குறி) ககரத்துக்குத் தாவி ‘கிவதை’ என்றுகூட வரும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பிலுள்ள பிரிப்பு வசதி உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எடுப்பதால், ‘நகரம்’ முறையாகக் கலைந்து ‘நரகம்’ ஆகிறது. ‘கொ’ போன்ற எழுத்து இருவேறு குறியீட்டு வரிசைகளில் பதிவாகியிருக்கலாம் என்பதால், சொற்பட்டியலை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். இல்லையெனில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்களைக் கருவி வேறுவேறு என்று தள்ளிவிடும்.

வட்டாரச் சொற்களில் மட்டும் நான் அகராதிக்குக் கட்டுப்படுவதில்லை. காசிமேட்டு மீன் ஏலத்தில் நாள்தோறும் கூவப்படும் ஒரு மீனின் பெயரைப் பிள்ளை கட்டத்தில் எழுதி, உடன் ஆடும் இருவர் அதை அறிந்திருந்தால், அச்சில் இல்லாவிட்டாலும் அதற்கு முழு மதிப்பெண் தருகிறேன்.