கடன் பணத்தில் முதலீடு: சுங்கை சிப்புட் ஞாயிறு வகுப்பு பற்றி

சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் கடன் முதலீடு பற்றிய அரைநாள் தமிழ் வகுப்பை, கடன் பணத்தோடு பங்குச் சந்தைக்குள் நுழைய எண்ணும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், வீட்டுக் கடனைப் பற்றி அங்கே சொல்லப்படுவதை அப்படியே ஏற்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பின் உயிர் முதல் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. பயிற்றுநர் ஆதாயத்தைப் பற்றி வாய் திறக்குமுன் எல்லாருக்கும் தாளும் பென்சிலும் கொடுத்து ஒரு கணக்கைப் போட வைக்கிறார். சொந்தப் பணம் 10,000 ரிங்கிட். ஆண்டுக்கு 6 விழுக்காட்டு வட்டியில் கடன் இன்னொரு 10,000. இரண்டையும் சேர்த்துப் பங்கு வாங்குகிறோம். ஓராண்டில் விலை 20 விழுக்காடு ஏறினால், கடனையும் 600 ரிங்கிட் வட்டியையும் அடைத்தபின் 13,400 கையில் நிற்கும். அதே அளவு இறங்கினால் 5,400தான் நிற்கும். ஆதாயம் 34 விழுக்காடு, நட்டமோ 46 விழுக்காடு. ஏறினாலும் இறங்கினாலும் வட்டி தன் பங்கை எடுத்துக்கொள்வதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். விலை 3 விழுக்காடாவது ஏறினால்தான் போட்ட முதலே திரும்பும் என்பதை ஒவ்வொருவரும் தாமே கண்டுபிடிக்கிறார்கள். 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்தவர்கள் நிறைந்த ஒரு தோட்டப்புற ஊரில் இந்தக் கணக்கைவிடப் பயனுள்ள பாடத்தை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

அடுத்து வரும் 1997-98 ஆசிய நிதி நெருக்கடிப் பகுதியும் நன்று. 1997 பிப்ரவரியில் 1,270 புள்ளிகளைத் தாண்டியிருந்த கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1998 செப்டம்பர் 1ஆம் தேதி 262 புள்ளிகளுக்குச் சரிந்தது. சொந்தப் பணத்தில் நல்ல பங்குகளை வாங்கியவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கலாம். பங்குகளையே அடமானம் வைத்துக் கடன் பெறும் மார்ஜின் கணக்கில் வாங்கியவருக்கோ, அடமானமாக நிற்கும் பங்குகளின் மதிப்பு குறையக் குறைய மேலும் பணம் கட்டுமாறு அழைப்பு வரும். கட்டாவிட்டால், மிகத் தாழ்ந்த விலையிலும் கடன் கொடுத்தவரே விற்றுவிடலாம். சந்தை பின்னால் மீளும் என்று கடன் வாங்கியவர் சரியாகவே கணித்திருந்தாலும் அந்த மீட்சியில் அவருக்குப் பங்கில்லை.

வீட்டுக் கடனையும் மார்ஜின் கடனையும் பயிற்றுநர் ஒரே தட்டில் வைத்ததுதான் எனக்கு உடன்பாடில்லாத இடம். முதல் வீட்டுக்கு வங்கி 90 விழுக்காடு வரை கடன் தருவதால், விலை 10 விழுக்காடு இறங்கினாலே நம் முன்பணம் கணக்களவில் கரைந்துவிடும் என்று அவர் சொன்னது உண்மை. ஆயினும் மாதத் தவணை ஒழுங்காகப் போகும்வரை, விலை இறங்கியது என்பதற்காக மட்டும் வங்கி பொதுவாக வீட்டை விற்கச் செய்வதில்லை. காத்திருக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே கடன்களைப் பிரித்தறியும் கோடு. அதை வகுப்பு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

கொடுக்கப்படும் தாளில் வட்டி மாறாமல் இருப்பதும் ஒரு குறையே. வங்கிக் கடன்களின் வட்டியை வழிநடத்தும், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி விகிதம் 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்து, 2023 மே மாதத்தில் 3 விழுக்காடானது. 8 விழுக்காட்டு வட்டிக்கும் அதே கணக்கைப் போட வைத்தால் போதும்.

கட்டணம் 30 ரிங்கிட், காலைச் சிற்றுண்டியும் அதில் அடக்கம். எந்தத் திட்டத்தையும் விற்கும் முகவர் அங்கே இல்லை என்பது எனக்கு மிகுந்த நிறைவளித்தது. கணவனும் மனைவியும் சேர்ந்தே போவது நல்லது, ஏனெனில் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுபவர் ஒருவராக இருந்தாலும் தவணை கட்டுவது வீட்டுப் பணத்திலிருந்துதான்.