வீட்டு 'லேசர்' கருவி வாங்கும் முன்: பெட்டியில் எழுதாமல் விடப்படும் எண்கள்

வீட்டில் பயன்படுத்த என்று விற்கப்படும் விலையுயர்ந்த 'லேசர்' சருமக் கருவிகளை வாங்கி நொந்தவர்களின் புகார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மூன்று மாதம் விடாமல் போட்டும் முடி அப்படியே வளர்கிறது. முகத்து மங்கு முன்பைவிடக் கறுத்துவிட்டது. கருவியின் ஒளி வரும் சன்னல் அளவுக்கே செவ்வகம் செவ்வகமாகக் காலில் கருப்பு விழுந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் நாள் கடந்துவிட்டது என்கிறார்கள். இதில் பெரும்பகுதியை, பணம் கட்டுவதற்கு முன்பே நாலைந்து எண்களைக் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். அந்த எண்களைத்தான் விளம்பரங்கள் மறைக்கின்றன.

லேசர் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் நிறைய லேசரே கிடையாது. முடி நீக்கும் கருவிகளில் மிகப் பெரும்பாலானவை ஐ.பி.எல்., அதாவது விட்டுவிட்டுப் பாயும் தீவிர ஒளி வகை. உள்ளே இருப்பது கேமரா ஃபிளாஷில் இருப்பது போன்ற ஸெனான் விளக்கு. சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்களும் கலந்த ஒளி, ஒரு வடிகட்டி வழியாக வெளியே வரும். உண்மையான லேசர் ஒரே அலைநீளத்தில் வரும். வீட்டு முடி நீக்கும் லேசர் என்றால் 810 நானோமீட்டரை ஒட்டிய டையோடு லேசர். முகமூடி போல மாட்டிக்கொள்பவை எல்.இ.டி. விளக்குகள், அவை தோலைச் சூடாக்கி எதையும் அழிக்கும் வேலையே செய்வதில்லை. ஐ.பி.எல். கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அதை 'லேசர்' என்று எழுதி விற்பவர் மற்ற எண்களிலும் கை வைத்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் என்ன என்று கேட்டால் ஒற்றை எண் வர வேண்டும். "500–1200" என்று வந்தால் அது ஐ.பி.எல். பதிலே வராவிட்டால் வாங்காதீர்கள்.

அடுத்து ஆற்றல். ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். ஒளி முடியின் வேரில் உள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமியில் சூடாக மாறினால்தான் மயிர்க்கால் சேதமாகும். அதற்கு ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை ஜூல் ஆற்றல் விழுகிறது என்பதே கணக்கு. வீட்டு ஐ.பி.எல். கருவிகள் பொதுவாக சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 6 ஜூல் தரும். வீட்டு டையோடு லேசர் 20 ஜூல் அளவுக்குப் போகும், ஆனால் அதன் முனை சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர்தான். இரண்டு கால்களையும் முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். விளம்பரத்திலோ வெறுமனே "18 ஜூல்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது மொத்த ஆற்றல். சன்னல் 3.3 சதுர சென்டிமீட்டர் என்றால், 18 ஐ 3.3 ஆல் வகுக்க, கிடைப்பது சுமார் 5.5 ஜூல். அதாவது சாதாரணக் கருவிதான். சன்னலின் நீள அகலத்தைக் கேட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்த 18 ஜூலாவது உண்மையா என்று பார்க்கவும் வழி உண்டு. அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 36 வாட். "0.7 நொடிக்கு ஒரு ஃபிளாஷ், ஒவ்வொன்றும் 18 ஜூல்" என்று கருவி சொன்னால், வெளிவரும் ஒளி மட்டுமே நொடிக்கு சுமார் 26 ஜூல், அதாவது 26 வாட். ஸெனான் விளக்கு வாங்கும் மின்சாரத்தில் பாதி பயனுள்ள ஒளியாக வந்தாலே அதிகம். அப்படியானால் விளக்குக்கு மட்டும் 50 வாட்டுக்கு மேல் வேண்டும். விசிறியும், 'ஐஸ் கூலிங்' தட்டும் அதற்கு மேல். 36 வாட் அடாப்டரால் இது நடக்காது. ஒன்று, உச்ச அளவில் ஃபிளாஷ் வேகம் சொன்னதைவிடக் குறைவு. இல்லையேல் ஜூல் கணக்கு பொய். இந்தக் கணக்கைப் போட்டு விற்பவரிடம் கேளுங்கள். நேர்மையான நிறுவனம், எந்த அளவில் எத்தனை ஜூல், எவ்வளவு இடைவெளி என்று அட்டவணையாகவே தரும்.

"999,999 ஃபிளாஷ்" என்பது ஆறு இலக்கத் திரை காட்டக்கூடிய கடைசி எண். அதற்காக விளக்கு அத்தனை நாள் ஒரே பலத்தோடு எரியும் என்று பொருளில்லை.

இப்போது தோல் நிறம். இதைப் படிக்காமல் வாங்குபவர்கள்தான் உடம்பில் தழும்போடு நிற்கிறார்கள். ஒளி முடியில் உள்ள மெலனினையும் தோலில் உள்ள மெலனினையும் பிரித்துப் பார்க்காது. தோல் எவ்வளவு கறுப்போ அவ்வளவு சூடு மேல்தோலிலேயே தங்கிவிடும். வேருக்குப் போவது குறையும். வேலையும் நடக்காது, புண்ணும் ஆகும். தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் தோல் ஒன்று முதல் ஆறு வகை வரை. வீட்டு ஐ.பி.எல்., டையோடு கருவிகள் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வரைதான் அனுமதிக்கின்றன. அடர்பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு. நடுத்தரப் பழுப்பு நான்கு. ஆனால் வெயிலில் கறுத்திருக்கும்போது அதே தோலைப் பாதுகாப்பான வகை என்று நம்பக் கூடாது. நல்ல கருவியில் தோல் நிறச் சென்சார் இருக்கும். கறுத்த இடத்தில் வைத்தால் ஃபிளாஷ் வராது. அது கோளாறு என்று நினைத்து, சென்சாரை ஏமாற்ற டேப் ஒட்டச் சொல்லும் 'டிப்ஸ்' சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். "எல்லா நிறத்துக்கும் ஏற்றது" என்று எழுதிய ஐ.பி.எல். கருவியைத் தொடவே வேண்டாம். ஐந்து, ஆறாம் வகைத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பொருத்தம். அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாக உறிஞ்சும், ஒளி ஆழமாகவும் போகும். அது கிளினிக்கில், அனுபவமுள்ள கையால் செய்ய வேண்டியது.

நிறம் பொருந்தினாலும் முடி பொருந்த வேண்டும். நரைமுடி, செம்பட்டை, பூனைமுடி ஆகியவற்றில் பிடித்துக்கொள்ளப் போதிய மெலனின் இல்லை. பெண்களின் தாடை, கழுத்து, கன்ன ஓரம் ஆகிய இடங்களில் குறைந்த ஆற்றல் ஒளி, உறங்கிக்கிடந்த மயிர்க்கால்களைத் தூண்டி, இல்லாத இடத்தில் கெட்டி முடியை வரவழைப்பதும் உண்டு. ஹார்மோன் கோளாறும் கறுத்த தோலும் உள்ளவர்களிடம் இந்த ஆபத்து அதிகம். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் முகத்துக்கு இந்தக் கருவியை வாங்குவது கிட்டத்தட்டக் காசை எறிவது; ஹார்மோன் புதுப்புது முடியை அனுப்பிக்கொண்டே இருக்கும். முதலில் அதற்கு வைத்தியம். ஆண்களின் தாடிக்கும் பெரும்பாலான கருவிகள் ஆகாது: முடி அடர்த்தி அதிகம், சூடும் அதிகம்.

'நிரந்தர முடி நீக்கம்' என்ற சொல்லை நம்பாதீர்கள். நேர்மையாகச் சொல்லக்கூடியது 'குறைப்பு' மட்டுமே. வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் முடியில்தான் ஒளி வேலை செய்யும். எந்த நேரத்திலும் ஒரு பகுதி முடி ஓய்வில் இருக்கும். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று மாதம், பிறகு மாதம் ஒருமுறையாவது. இதில் ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது: ஒவ்வொரு முறையும் ஷேவ் செய்துவிட்டுத்தானே போடுகிறோம்? கால் எப்போதும் வழவழவென்றுதான் இருக்கும். பலன் உண்டா என்று அறிய ஒரு காலுக்கு மட்டும் போட்டு, மறு காலை விட்டுவைத்து, பிறகு இரண்டையும் சில வாரம் வளரவிட்டுப் பாருங்கள்.

மங்குக்கு இந்தக் கருவிகள் வேண்டவே வேண்டாம். மங்கு உள்ள தோலில் நிறமிச் செல்கள் ஏற்கெனவே கொதிநிலையில் இருக்கும். ஒளியும் சூடும் சேர்ந்தால் சில வாரம் வெளுத்தது போலத் தெரிந்து, பிறகு இரட்டிப்பாகத் திரும்பி வரும். பருவின் பள்ளத் தழும்பு, தொங்கிய தோல், பச்சை குத்தியது ஆகியவற்றுக்கும் வீட்டுக் கருவி உதவாது.

'பிகோ லேசர் பேனா' என்று விற்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உண்மையான பிகோ லேசர், ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில நூறு பங்கு நேரத்துக்குள் தன் ஆற்றல் முழுவதையும் கொட்டும். அந்த அதிர்ச்சியில்தான் நிறமித் துகள் உடையும். சார்ஜரில் ஓடும் பேனாவில் இருப்பது தொடர்ச்சியாக எரியும் சாதாரண டையோடு. அது தோலைச் சுடும், அவ்வளவுதான். அதைக் கொண்டு மச்சத்தைச் சுட்டு எடுப்பது இன்னும் மோசம். மச்சம் போல இருப்பது தோல் புற்றுநோயாக இருந்தால், மேலே இருப்பது கருகிவிடும், உள்ளே வளர்வது தெரியாமல் போகும். பரிசோதனைக்கு அனுப்பத் திசுவும் மிஞ்சாது.

சுருக்கத்துக்கான வீட்டு லேசர்கள் வேறு வகை. 1410 முதல் 1450 நானோமீட்டர் வரை. மெலனினை விட்டு, தோலில் உள்ள நீரைச் சூடாக்குபவை. இவற்றில் ஒழுங்கானவை உண்டு. கண்ணோர மெல்லிய கோடுகளில் சிறு மாற்றம் தரலாம், அதுவும் மாதக்கணக்கில் நாள் தவறாமல் போட்டால். ஆனால் 'போட்ட முதல் வாரத்திலேயே பலன்' என்று காட்டும் படங்களை நம்பாதீர்கள். லேசர் போட்டதும் தோல் லேசாக வீங்கும். வீக்கத்தில் கோடு மறையும். வீக்கம் வடிந்ததும் திரும்பும்.

எல்.இ.டி. முகமூடியில் கேட்க வேண்டியது, எத்தனை விளக்கு என்பதல்ல, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்பது. 30 மில்லிவாட்டை 600 நொடியால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் 18 ஜூல். அதே பத்து நிமிடத்தில் 5 மில்லிவாட் முகமூடி தருவது 3 ஜூல்தான். லேசான பருவுக்கு 415 நானோமீட்டர் நீலமும் 633 நானோமீட்டர் சிவப்பும் சேர்ந்து ஓரளவு உதவும். விழித்திரை நோய் உள்ளவர்களும், ஒளிக்குத் தோலைக் கூசவைக்கும் மருந்து எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். இந்தக் கவலையால்தான் 2019இல் ஒரு பெரிய நிறுவனம் தன் பரு முகமூடியைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது.

கண் விஷயத்தில் சமரசம் கூடாது. 810 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. தெரியாததால் இமை மூடாது. விழிவில்லை அதை நேராக விழித்திரையில் குவிக்கும். புருவத்தைச் சுற்றி ஐ.பி.எல். போட்டு கருவிழிப்படலம் அழற்சியடைந்தவர்களும் உண்டு. கண்ணின் எலும்புக் குழியைச் சுற்றி முடி நீக்கும் கருவி எதையும் போடாதீர்கள். லேசர் கருவி என்றால் அதன் மீது ஐ.இ.சி. 60825-1 என்ற பன்னாட்டு லேசர் பாதுகாப்புத் தர எண்ணும், லேசர் வகுப்பும் இருக்க வேண்டும். வீட்டுக் கருவிக்கு ஏற்ற வகுப்பு 1 அல்லது 1சி; 1சி என்றால் தோலில் முழுதாக ஒட்டினால்தான் ஒளி வரும். 3பி, 4 என்று இருந்தால் அது வீட்டுக்குள் வரக் கூடாத பொருள். பெட்டியைப் பிரித்ததும் சோதனை: முனையை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பி, முகத்தை விலக்கி, காற்றில் வைத்தே பட்டனை அழுத்துங்கள். ஒளி வந்தால் தொடு சென்சார் இல்லை அல்லது கெட்டுவிட்டது. அப்படியே மூடித் திருப்பி அனுப்புங்கள். கூடவே வரும் கறுப்புக் கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று அச்சிடப்படவில்லை என்றால் அதை வெறும் பிளாஸ்டிக்காகவே கருதுங்கள்.

சான்றிதழ்ப் படங்களில் இன்னொரு மோசடி. 'எஃப்.டி.ஏ. பதிவு பெற்றது' என்பது அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பட்டியலில் தொழிற்சாலை பெயர் கொடுத்திருக்கிறது என்பதோடு சரி. அந்த அமைப்பு பதிவுச் சான்றிதழ் எதுவும் அச்சடித்துத் தருவதில்லை; கழுகுப் படத்தோடு இருக்கும் காகிதத்தை வேறு யாரோ விற்றிருக்கிறார்கள். கேட்க வேண்டியது 510(கே) எண், அதாவது கருவியைப் பரிசீலித்து விற்க அனுமதித்ததற்கான எண்: 'கே' என்ற எழுத்தும் ஆறு இலக்கமும். எஃப்.டி.ஏ.வின் பொதுத் தளத்தில் போட்டுப் பார்த்தால், எந்தக் கருவி, எந்த வேலைக்கு என்று வரும். முடிக் குறைப்புக்கு வாங்கிய எண்ணைக் காட்டி மங்கு நீக்கும் கருவியாக விற்பது சர்வசாதாரணம்.

பணம் திருப்பித் தரும் நிபந்தனையையும் எழுத்தில் வாங்குங்கள். பலன் தெரிய 12 வாரம் ஆகும் என்பார்கள்; திருப்பித் தரும் காலம் 30 நாள் அல்லது 60 நாள் என்று இருக்கும். 90 நாள் என்றால், அது ஆர்டர் போட்ட நாளிலிருந்தா கையில் கிடைத்த நாளிலிருந்தா? சீல் உடைத்தால் செல்லுமா? முனை, ஜெல் ஆகியவற்றைத் தொடர்ந்து அவர்களிடமே வாங்க வேண்டுமா?

இத்தனையும் பார்த்தபின் யாருக்கு வாங்கலாம் என்றால்: மாநிறமோ அதைவிட வெளுத்த தோலோ, கருத்த கெட்டி முடி, கை கால் அக்குள் மட்டும், தொடர்ந்து போடும் பொறுமை. இந்த நான்கும் இருந்தால் ஐ.பி.எல். கருவி கொடுத்த காசுக்கு உழைக்கும். மற்றவர்கள் அதே பணத்தை ஒரு தோல் டாக்டரின் ஆலோசனைக்கும் நல்ல சன்ஸ்கிரீனுக்கும் செலவிடுவது நல்லது.

வாங்கியவர்கள் முதலில் மிகக் குறைந்த அளவில் ஓரிடத்தில் இரண்டு ஃபிளாஷ் மட்டும் போட்டு 24 மணி நேரம் காத்திருங்கள்; கறுத்த தோலில் கரும்புள்ளி தாமதமாகத்தான் வரும் என்பதால் 48 மணி நேரம் விடுவது இன்னும் நல்லது. நான்கு வாரத்துக்கு முன்பே வாக்சிங், த்ரெடிங் நிறுத்த வேண்டும். வேரைப் பிடுங்கிவிட்டால் ஒளிக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஷேவ் மட்டும் செய்யலாம், செய்யவும் வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி எரிந்து தோலைச் சுடும். மச்சத்தையும் பச்சையையும் வெள்ளைப் பென்சிலால் மூடிவிட்டால் போதும் என்பது ஆபத்தான யோசனை, அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். ஐசோட்ரெட்டினாயின், டாக்சிசைக்ளின் மருந்துகள் எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சுட்டுவிட்டால், உடனே குளிர்ந்த குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம் ஓடட்டும். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அந்த இடத்தில் வெயில் படாமல் மூடி வையுங்கள். முகத்தில் கொப்புளம் வந்தால் தோல் டாக்டர், கண்ணில் வலியோ மங்கலோ கூச்சமோ வந்தால் அன்றே கண் டாக்டர். காயத்தை அருகில் அளவுகோல் வைத்து அன்றாடம் படமெடுங்கள். கருவியின் வரிசை எண், அடாப்டர் லேபிள், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் புகார் கொடுக்கும் முன் எடுத்து வையுங்கள், ஏனென்றால் புகார் போன மறுநாளே அந்த விளம்பர வரி மாறிவிடலாம். தீர்வு வரும்வரை கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.